கிண்ணத்துக்குக் கடைசியாகப் போனவள்

நான் ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்பதற்கு எங்கள் சனத்திடம் பல கதைகள் உண்டு. யாரோ ஒரு சிங்களப் பொடியனை விரும்பினேன் என்பார்கள். நெஞ்சு வருத்தம் இருந்தது, வீட்டார் மறைத்துவிட்டார்கள் என்பார்கள். இரண்டும் பொய். ஒரு மிடறு திராட்சரசத்தை யாருக்குப் பின்னால் குடிப்பது என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். நடந்தது அவ்வளவுதான். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சொல்லுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய காலம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா மருதானையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். காலையில் ரயில் கோச்சியில் போய் மாலையில் கோச்சியில் வருவார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே ஒரு தங்கச்சி. எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் பேசி முடிந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை கண்டி ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி. படத்தில் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காததால் இதைச் செய்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

எங்கள் கோயில் சிறியது. வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் வாங்குகளில் உட்காருவோரில் அதிகம். ஆனால் வேறு ஆட்களும் வருவார்கள். வீடுகளில் சமையலுக்கு நின்றவர்கள், மில்லில் வேலை செய்தவர்கள், கடைசி வாங்கில் முனிசிபாலிட்டித் தொழிலாளர் குடும்பம் ஒன்று. அந்தப் புருஷனும் பெண்சாதியும் எங்கள் ஒழுங்கையிலும் வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் வீடுகளில் வாளிக் கக்கூஸ்தான். பின்பக்கச் சந்தால் வந்து வாளியை எடுத்துப் போவது அவன். கழுவிக் கூட்டுவது அவள். இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். எங்களுக்கு மனப்பாடமான பாட்டுகள் அவளுக்கும் மனப்பாடம். எங்களைவிடச் சத்தமாகப் பாடுவாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் மரத்தடுப்பு ஒன்று, அதில் வரிசையாக முழந்தாளிட வேண்டும். போதகர் அப்பம் கொடுத்து, பிறகு ஒரே வெள்ளிக் கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டு போவார். முதலில் எங்கள் ஆட்கள் போவோம். நாங்கள் எழுந்து வந்த பிறகு வீட்டு வேலைக்காரர். பிறகு மில்காரர். கடைசியில் அவர்கள் இருவரும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வாய் பட்ட கிண்ணத்தில் எந்த வாய் பிறகு படலாம் என்பதுதான் அந்த ஒழுங்கின் முழுக் கருத்து. சிறுவயது முதல் பார்த்துப் பழகியதால், வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி அதுவும் எனக்கு ஒரு வழக்கமாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு, அவர்கள் முறை வருவதற்குள் கிண்ணம் முடிந்துவிட்டது. அன்று வெளியூரிலிருந்து விருந்தாளிகள் அதிகம். போதகர் அப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தார். போத்தலில் இருந்தது. ஊற்றி, ஜெபித்துக் கொடுத்திருக்கலாம். நேரம் போயிருந்தது, முன்வாங்கில் இரண்டு பேர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். போதகர் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கினார். அவள் இன்னும் முழந்தாளில் இருந்தாள். வாயைச் சற்றுத் திறந்தபடி இருந்தாள். புருஷன் முழங்கையால் தொட்ட பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த நாள் பின்சந்தில் அவளைக் கண்டு, நேற்று நடந்தது பிழை என்றேன்.

"பரவால்லங்கம்மா," என்றாள். "அடுத்த மாசம் சாமி குடுப்பாரு." சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் கழுவ ஆரம்பித்தாள்.

அந்த மாதம் முழுக்க எனக்கு ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தத் திறந்த வாய் தெரிந்தது. "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்று போதகர் கிண்ணத்தைத் தூக்கும்போது படிக்கிற வசனத்தில் "எல்லாரும்" என்று ஒரு சொல் வரும். நூறு தரம் கேட்ட சொல். இப்போது அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. எனக்குக் குரல் ஒன்றும் கேட்கவில்லை, தரிசனமும் கிடைக்கவில்லை. ஆனால் என்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த முறை அவள் குடித்த பிறகு நீ குடி.

நான் மறுத்தேன். வேறு ஏதாவது கேள் என்றேன். உபவாசம் இருக்கிறேன், நகை போடுவதை விடுகிறேன், கலியாணத்துக்குப் பிறகு மலைநாட்டுக்குப் போய்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவை ஒன்றையும் ஆண்டவர் கேட்கவில்லை. கேட்டது ஒன்றைத்தான்.

அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டிச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. கை நின்றுவிட்டது.

"உனக்கு விசரே, பிள்ளை? மாப்பிள்ளையின்ர மாமன் எங்கட கோயிலுக்குத்தானே வாறவர்."

"தெரியும் அம்மா."

"அப்ப மனதுக்குள்ள அவளுக்குப் பிறகு குடிக்கிறதா நினைச்சுக்கொண்டு முன்னுக்குக் குடி. கடவுளுக்கு விளங்கும்."

"கடவுளுக்கு விளங்கும். அவளுக்கு விளங்காதே."

அம்மா மறுபடி அரிசியைக் களைந்தா. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. நான் பயந்து பின்வாங்கிவிடுவேன் என்று நம்பியிருப்பா. நானும் அப்படித்தான் பாதி நம்பியிருந்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் வாங்கு எழுந்தபோது நான் எழவில்லை. அப்பா நடைபாதையில் நின்று என்னைப் பார்த்தார். சுகமில்லையாக்கும் என்று நினைத்து முன்னால் போய்விட்டார். வேலைக்காரர் போய் வந்தார்கள். மில்காரர் போய் வந்தார்கள். பிறகு அந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்து, பயந்துபோய் வழியை விட்டாள்.

"நீங்க முன்னாடி போங்கம்மா," என்று முணுமுணுத்தாள்.

நான் தலையை ஆட்டிவிட்டு நின்றேன். அவள் போய் முழந்தாளிட்ட பிறகு அவளுக்கு வலப்பக்கம் முழந்தாளிட்டேன். போதகர் இடப்பக்கமிருந்து வந்தார். அவனுக்குக் கொடுத்தார், அவளுக்குக் கொடுத்தார், என் முன்னால் வந்து நின்றார். நிற்கும் நேரம் நீண்டது. அவரும் யாழ்ப்பாணத்தார்தான். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்தார், ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். நான் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தேன். துடைப்பதை விட்டுவிட்டுக் கொடுத்தார்.

குடித்தேன். வழக்கமான புளிப்புத்தான். ஆனால் எழுந்து திரும்பியபோது கோயில் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைகளுக்கு நடுவில் எனக்குள் ஏறியது வெட்கம் அல்ல. ஒரு பெரிய, கெட்டியான சந்தோஷம். அதை இப்போதும் மறைக்க நான் தயாரில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கக்கூஸ் கழுவிற கை. அந்த வாய் வைச்ச கிண்ணம்."

"அவ கழுவினது எங்கட கக்கூஸ் தானே, அப்பா."

அப்பா என் வாழ்நாளில் என்னை அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. "நீ கடவுளைக் கும்பிடு, பிள்ளை. ஆனா ஊருக்கை இருக்கிறதெண்டால் ஊரையும் கொஞ்சம் கும்பிட வேணும்," என்றார். பிறகு தன் அறைக்குள் போனார்.

மாப்பிள்ளையின் மாமன் ஒரு கிழமை பொறுத்து வந்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. பொடியனுக்கு இடமாற்றம் வரப்போகிறது, கலியாணத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். பிறகு என்றால் இல்லை என்று பொருள். மாப்பிள்ளையை நான் நேரில் கண்டதேயில்லை. படத்தை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டா.

அதற்கடுத்த திருவிருந்துக்கும் நான் அப்படியே செய்தேன். அதற்குப் பிறகும். இடையில் பின்சந்தில் ஒரு நாள் அவள் என்னை மறித்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"எதுக்கும்மா இப்படிப் பண்றீங்க? நாலு வீட்டுல முனிசிபாலிட்டி ஓவசியருகிட்டச் சொல்லியிருக்காங்க. எங்களுக்குத் திமிரு வந்திருச்சாம். பொரளைப் பக்கம் மாத்தப் போறாங்களாம்."

இது எனக்குத் தெரியாது. நான் செய்ததற்கு நான் மட்டும் விலை கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"நான் என்ன செய்யட்டும்? விடட்டோ?" என்று கேட்டேன்.

அவள் ஈர்க்குமாறை மதிலில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்காகப் பண்றீங்களா, சாமிக்காகப் பண்றீங்களா?"

"சாமிக்காக."

"எனக்காகன்னா வேணாம், விட்டுருங்க. சாமிக்காகன்னா என்னையக் கேக்காதீங்க."

அவர்களைப் பொரளைக்கு மாற்றினார்கள். ஆனால் கோயிலை மாற்றவில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் பொரளையிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்து வந்தார்கள், அதே கடைசி வாங்கில் இருந்தார்கள். அவர்கள் வரும்போது எனக்கும் கடைசியாகப் போவதைவிட வேறு வழி இல்லை.

தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது அதற்குப் பிறகுதான். நல்ல குடும்பம். பொடியன் கொழும்பிலேயே காணி அளக்கிற சேர்வேயர். தங்கச்சி அவனை ஒரு கலியாண வீட்டில் கண்டு கதைத்திருந்தாள், அவளுக்கு ஆசையும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என் கதையைக் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனாலும் பெரிய மனது பண்ணி ஒன்று சொன்னார்கள். வருகிற திருவிருந்துக்கு நாங்கள் உங்கள் கோயிலுக்கு வருகிறோம், மூத்த பிள்ளை உங்களோடு சேர்ந்து முன்னால் போய் எடுத்தால் பழையதை மறந்துவிடுகிறோம் என்றார்கள்.

அப்பா அன்றுதான் நீண்ட நாளைக்குப் பிறகு என்னோடு நேராகக் கதைத்தார். "ஒருக்காச் செய், பிள்ளை. ஒரே ஒருக்கா. பிறகு உன்ர இஷ்டம்." அம்மா அழுதா.

தங்கச்சி கெஞ்சவில்லை. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, கடவுள் உன்னட்டக் கேட்டவர் எண்டாய். சரி. என்னட்டக் கேட்டவரோ?"

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"மகனைப் பலி குடுக்க மலைக்குக் கூட்டிக்கொண்டு போன தகப்பனைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்யேக்கை எல்லாரும் அந்தத் தகப்பனைத்தான் பெரிசாக் கதைக்கினம். விறகைச் சுமந்துகொண்டு போன அந்தப் பொடியனிட்ட ஆரும் கேட்டவையோ? நான் அந்தப் பொடியன், அக்கா."

அந்தப் பிரசங்கத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். தகப்பனின் கையைத் தடுத்த குரல் ஒன்று கடைசியில் வந்தது. எனக்கும் அப்படி ஒன்று வரும் என்று அந்தக் கிழமை முழுக்கக் காத்திருந்தேன். போதும், உன் மனது எனக்குத் தெரிந்தது, இந்த முறை முன்னால் போ என்று ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தால் வரும்போது கொச்சிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே கேட்டேன். கத்தோலிக்கரின் அந்தோனியார் கோயிலுக்குள் வேறு சபைக்காரி என்ற கூச்சமும் இல்லாமல் போயிருந்து கேட்டேன். ஒன்றும் வரவில்லை. முதலில் கேட்டதை ஆண்டவர் திரும்ப எடுக்கவுமில்லை, இன்னொரு தரம் சொல்லவுமில்லை. அந்த மௌனத்தில் எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. கோபத்தோடுதான் கீழ்ப்படிந்தேன். கீழ்ப்படிவு என்றால் மனம் குளிர்ந்து செய்வது என்று பிரசங்கிக்கிறவர்களை நான் அதன் பிறகு நம்புவதில்லை.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது வாங்கில் இருந்தார்கள். எங்கள் வாங்கு எழுந்தது. தங்கச்சி என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளில் கை வைத்தாள், எழும்பு என்பது போல. நான் எழவில்லை. அவள் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் நான் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டபோது, பின்னால் வாங்குகள் தரையில் உரசி ஆட்கள் எழுந்து வெளியே போகும் சத்தம் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த மாதமே நான் வீட்டை விட்டுக் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இருந்த வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பா போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. தங்கச்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதிப்பேர். அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்து என் பொழுது போனது. பரிதாபப்பட ஒன்றும் இல்லை. நல்ல வாழ்க்கைதான்.

யுத்தம் வந்தது. கொழும்பில் குண்டு விழும் என்று பயந்து எங்கள் சனம் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் புறப்பட்டார்கள். போவதற்கு முதல் நாள் அப்பா கொட்டாஞ்சேனைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலையடியில் நின்றே கதைத்தார்.

"நீ செய்தது பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நானும் அந்த வசனத்தை வாசிக்கிறவன்தானே. ஆனா உன்ர தங்கச்சிக்கு நீ ஒரு பதில் சொல்ல வேணும்."

"சொல்லத் தெரியேல்லை, அப்பா."

"அது எண்டாலும் உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதுதான் நான் அவரை உயிரோடு கண்ட கடைசி நாள்.

கோயிலில் இருந்த ஒழுங்கு அந்த யுத்தத்தில்தான் போனது. யாரும் மனம் திரும்பவில்லை. வரிசை வைக்க ஆட்கள் இருக்கவில்லை. ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருவோம். யார் முன், யார் பின் என்று பார்த்தால் தடுப்பில் பாதி காலியாக இருக்கும் என்று, போதகர் எல்லாரையும் ஒன்றாக வரச் சொன்னார். முதல் நாள் அந்தப் பெண் நடுவில் முழந்தாளிட்டாள். அவளுக்கு இரண்டு பக்கமும் கந்தோர்க்காரர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யுத்தம் முடிந்து போனவர்கள் திரும்பி வந்தபோது அதுவே பழக்கமாகியிருந்தது.

தங்கச்சி யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்தாள். பெண்சாதியை இழந்த ஓர் ஆசிரியர், ஒரு பெண் குழந்தையோடு. யுத்தம் முடிந்து ஒரு தரம் கொழும்புக்கு வந்தபோது என் இருப்பிடத்துக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை அவளை ஒட்டிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் வேறு விஷயங்கள் கதைத்தோம். போகும்போது சொன்னாள்:

"உன்னோட எனக்கு இன்னும் கோபம் போகேல்லை, அக்கா. கடவுளோட போட்டுது."

"எனக்கு மறுபக்கம். கடவுளோடதான் இன்னும் போகேல்லை," என்றேன். இருவரும் சிரித்தோம். ஆனால் அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை, நான் சொன்னதும் இல்லை.

வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில் கோயிலில் ஒரு ஆண்டு விழா நடந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் எழுந்து, எங்கள் சபையில் என்றைக்குமே பேதம் இருந்ததில்லை, எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடித்தவர்கள் என்று பேசினார். சபை தலையாட்டியது. அந்தப் பெரியவர் வேறு யாருமல்ல, எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போன மாமன். அந்தப் பெண் பின்னால் புருஷன் இல்லாமல் தனியாக இருந்தாள். அவன் அதற்குள் இறந்துவிட்டான்.

நான் எழுந்தேன்.

"பேதம் இருந்தது, ஐயா. நீங்களும் இருந்தீங்கள். நானும் இருந்தனான். இருந்தது எண்டு சொல்லிப்போட்டுக் கடவுளுக்குத் தோத்திரம் சொல்லுங்கோ. நானும் சேர்ந்து சொல்லுறன்."

யாரோ ஒரு பாட்டை அவசரமாகத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் இரண்டு பெண்கள், கலியாணம் ஆகாததால் வந்த கசப்பு என்று எனக்குக் கேட்கவே சொன்னார்கள்.

கசப்பு இல்லை. என்னிடம் கேட்கப்பட்டது என்னால் கொடுக்கக்கூடியதாக இருந்தது, கொடுத்தேன். தங்கச்சியிடம் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அவளுடையதும் எடுக்கப்பட்டது. ஆண்டவருக்கு முன்னால் நான் நிற்கும் நாளில் அவளைக் கேட்காமல் ஏன் எடுத்தாய் என்று நான்தான் முதலில் கேட்பேன், அவர் என்னிடம் எதையும் கேட்பதற்கு முன்னால். கேட்ட பிறகு, நாளைக்கே மறுபடி அந்த வாங்கில் கொண்டுபோய் இருத்தினாலும், எங்கள் ஆட்கள் எழும்போது நான் எழமாட்டேன்.